தொங்கிப்போன மணிக்கட்டு நிமிர்ந்த பத்து மாதங்கள்

பள்ளி விட்டு வரும்போது வண்டி சறுக்கி விழுந்தேன். மழைக்குப் பிறகு சாலையோரம் சேர்ந்து கிடந்த மணல்தான் காரணம். வலது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே எலும்பு முறிந்துவிட்டது என்பது விழுந்த இடத்திலேயே தெரிந்தது. ஆனால் என்னைப் பத்து மாதம் அலைக்கழித்தது அந்த எலும்பு இல்லை. அது மூன்று மாதத்தில் கூடிவிட்டது. எலும்பின் பின்பக்கமாக வளைந்து இறங்குகிற ஒரு நரம்புதான் என்னைக் காக்க வைத்தது.

முதலில் போன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், மாவுக்கட்டு போட்டார்கள். விரலை மடக்கச் சொன்னார்கள். மடக்கினேன். சரி என்று அனுப்பிவிட்டார்கள். நிமிர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை, கழுத்தில் மாட்டியிருந்த தூளியிலிருந்து கையை மெதுவாக எடுத்தபோது மணிக்கட்டு அப்படியே கீழே தொங்கியது. தூக்கப் பார்த்தேன், துளி அசைவில்லை. அத்தை பக்கவாதம் என்றே முடிவு கட்டி அழத் தொடங்கிவிட்டார்.

அன்றே வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனோம். அவர் கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார், முடியவில்லை. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பஞ்சால் தொட்டார், தெரியவில்லை. "ரேடியல் நரம்பு அடிபட்டிருக்கு டீச்சர். இந்த மாதிரி முறிவுல இது நடக்கிறதுதான். முக்கால்வாசிப் பேருக்குத் தானாவே திரும்பிடும். ஆனா மாசக்கணக்குல ஆகும்" என்றார். கட்டுப் போடுவதற்கு முன்பே மணிக்கட்டு தொங்கியதா, போட்ட பிறகா என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முதல் சீட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மேல்கை எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போகிறவர்கள், கட்டுப் போடும் முன் மணிக்கட்டையும் கட்டைவிரலையும் தூக்கிக் காட்டி, அதைச் சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். விரலை மடக்குவது வேறு நரம்புகளின் வேலை. அது நன்றாக இருப்பதை வைத்து இதுவும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம்பெண். முதல் நாள் அவர் என் வலது கையைத் தொடவே இல்லை. "இடது கையை மேசை மேல வைங்க டீச்சர். வச்சுட்டு விரலால தாளம் போடுங்க" என்றார். போட்டேன். முழங்கைக்குக் கீழே என் முன்கையைப் பார்க்கச் சொன்னார். தோலுக்கு அடியில் கயிறுகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அதைப் பார்க்கிறேன். விரலை அசைக்கிற தசை எதுவும் விரலுக்குள் கிடையாது. உள்ளங்கையில் சில சின்னத் தசைகள் உண்டு. பெரிய வேலையெல்லாம் முன்கையில் இருக்கும் தசைகள் செய்வது. அவை தசைநாண் என்ற நீளமான கயிற்றால் விரலை இழுக்கின்றன.

முன்கையில் மொத்தம் 20 தசைகள். உள்ளங்கைப் பக்கம் 8, புறங்கைப் பக்கம் 12. முன்பக்கத்தவை மணிக்கட்டையும் விரல்களையும் மடக்குபவை, உள்ளங்கையைக் கவிழ்ப்பவை. பின்பக்கத்தவை பெரும்பாலும் நிமிர்த்துபவை. பின்பக்கத்தின் 12 தசைகளுக்கும் ரேடியல் நரம்பும் அதன் கிளைகளும்தான் ஆணை கொண்டுபோகின்றன. என் நரம்பு அடிபட்டது அந்தக் கிளைகள் பிரிவதற்கு மேலே. அதனால் ஒரே அடியில் பின்பக்கம் முழுக்க அணைந்துவிட்டது. முழங்கையை நீட்டும் தசைக்கு மட்டும் இன்னும் மேலேயே கிளை பிரிந்துவிடுவதால் அது தப்பித்தது.

எனக்குப் புரியாமல் இருந்தது வேறொன்று. மடக்கும் தசைகள் அத்தனையும் உயிரோடு இருக்கும்போது, ஏன் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை? அந்தப் பெண் என் இடது மணிக்கட்டைக் கீழ்நோக்கி நன்றாக மடக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப என் விரலை இறுக்கிப் பிடிங்க" என்றார். பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு மறுபடி பிடிக்கச் சொன்னார். அவர் "ஆ" என்று கத்தும் அளவுக்குப் பிடி இறுகியது. வாசிக்கிறவர்களும் இதைச் செய்து பாருங்கள். மணிக்கட்டு தொங்கினால் மடக்கும் கயிறு தொய்ந்துவிடுகிறது. தசை எவ்வளவு சுருங்கினாலும் இழுக்க நீளம் போதாது. அதாவது, நாம் ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், பின்பக்கத் தசைகள் மணிக்கட்டைத் தூக்கி நிறுத்திக் கொடுக்கின்றன. சாக்பீஸ் பிடிப்பதும், தோசைக் கரண்டி பிடிப்பதும், துணி பிழிவதும் இப்படித்தான்.

அதனால்தான் முதலில் செய்து கொடுத்தது மணிக்கட்டை 30 டிகிரி போலத் தூக்கி நிறுத்தும் ஒரு ஸ்பிளிண்ட். வெந்நீரில் போட்டால் இளகும் பிளாஸ்டிக் தகடு. கையில் வைத்தே வளைத்துக் கொடுத்தார்கள். அதை மாட்டிய நிமிடத்தில் டம்ளர் பிடிக்க முடிந்தது. இறந்த தசை எதுவும் உயிர் பெறவில்லை, ஆனாலும் பிடி வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து கண் கலங்கினேன்.

விழுந்து நான்கு வாரம் ஆன பிறகு ஊசி வைத்துத் தசைப் பரிசோதனை செய்தார்கள். உடனே செய்யக்கூடாதா என்று என் கணவர் கேட்டார். அறுபட்ட நரம்பிழை முறிவிடத்துக்குக் கீழே முழுக்கச் சிதைந்து முடிய இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். அதற்கு முன் செய்தால் சேதம் எவ்வளவு என்று சரியாகத் தெரியாது. என் முடிவு, வெறும் அதிர்ச்சி இல்லை, உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன என்று வந்தது. இழைகளைச் சுற்றியிருக்கும் உறை மட்டும் முழுதாக இருந்தால் இழைகள் அதற்குள்ளேயே வளர்ந்து இறங்கும். வேகம் ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்.

நான் கணக்கு டீச்சர். முறிந்த இடத்திலிருந்து முதல் தசைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் என்றார் மருத்துவர். அப்படியென்றால் 100 நாள், வளரத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் கூடுதல். நான்கு மாதத்தில் எந்த அறிகுறியும் இல்லையென்றால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவோம் என்றும் சொன்னார். நாட்காட்டியில் 120ஆம் நாளைச் சுற்றி வட்டம் போட்டேன்.

அந்த மாதங்களில் செய்தவை சலிப்பூட்டும் வேலைகள். இடது கையால் வலது விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிடுவது, இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும். தசைக்கு மின்தூண்டல். இரவிலும் ஸ்பிளிண்ட். கரும்பலகையில் இடது கையால் எழுதினேன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள். நாட்டுக்கட்டுப் போடச் சொல்லி உறவினர்கள் நெருக்கினார்கள், மறுத்துவிட்டேன். ஒவ்வொரு முறை போகும்போதும் பிசியோதெரபிஸ்ட் நரம்பு போகும் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் புறங்கைவரை சுருக்கென்று மின்சாரம் பாயும். அங்கே பேனாவால் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி ஒவ்வொரு மாதமும் கீழே இறங்கியது. என்னைத் தாங்கியது அந்தப் புள்ளிதான்.

அறுவை சிகிச்சை என்றால் என்ன செய்வார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டேன். வேலை செய்யும் முன்பக்கத் தசைகள் சிலவற்றின் தசைநாண்களைப் பின்பக்கத்துக்குத் திருப்பித் தைப்பார்கள். உள்ளங்கையைக் கவிழ்க்கும் தசை மணிக்கட்டைத் தூக்கும்; மணிக்கட்டை மடக்கும் ஒன்று விரல்களை நிமிர்த்தும்; பால்மாரிஸ் லாங்கஸ் என்ற மெல்லிய முன்பக்கத் தசை கட்டைவிரலை நிமிர்த்தும். வேலை மாறியதை மூளை பழகிக்கொள்ளும். வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் தொழுநோயால் முடங்கிய விரல்களுக்கு இப்படித் தசைநாணை மாற்றித் தைக்கத் தொடங்கினார் என்று அப்போதுதான் அறிந்தேன். எத்தனை பேர் அதன் பிறகு தங்கள் கையால் சோறு அள்ளியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

பால்மாரிஸ் எல்லாருக்கும் இருப்பதில்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொட வைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கினால் நடுவில் கயிறு போல எழும்பும். என் இடது கையில் எழும்பியது, வலது கையில் இல்லை. தேவைப்படும் கையில் இல்லையே என்று பதறினேன். மோதிர விரலை மடக்கும் இரண்டு தசைநாண்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சமாதானம் சொன்னார்.

116ஆம் நாள். முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி வைத்துக்கொண்டு, "மேல தூக்குங்க டீச்சர், நான் அழுத்துறேன்" என்றார் பிசியோதெரபிஸ்ட். முன்கையின் கட்டைவிரல் பக்கம், முழங்கைக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய மேடு எழுந்தது. பிராக்கியோரேடியாலிஸ். பின்பக்கக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தும் முழங்கையை மடக்க உதவும் தசை. நரம்பு முதலில் போய்ச் சேரும் இடமும் அதுதான். அதனால் ஆகும் பயன் எனக்கு ஒன்றுமில்லை, மடக்க வேறு தசைகள் இருக்கின்றன. ஆனால் அது எழுந்தால் மற்றவையும் வரிசையாக வரும். அந்தப் பெண் என் கணவரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

அப்புறம் எல்லாம் வரிசைப்படிதான் நடந்தது. ஐந்தாம் மாதம் மணிக்கட்டு அசைந்தது, ஆனால் நேராக இல்லை, கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்துகொண்டு. அந்தப் பக்கத் தசைக்குத்தான் முதலில் கிளை போகிறது. முதலில் மேசையில் முகப்பவுடர் தூவி, கையைப் பக்கவாட்டில் கிடத்திச் சறுக்கினேன். தூக்கும் எடை இல்லாததால் பலவீனமான தசையும் வேலை செய்யும். ஆறாம் மாதம் ஸ்பிளிண்ட் இல்லாமல் சாக்பீஸ் பிடித்தேன். ஏழாம் மாதம் விரல்களின் அடிக்கணுக்கள் நிமிர்ந்தன. நுனி மூட்டுகள் முன்பிருந்தே நிமிர்ந்துகொண்டிருந்தன, அவை உள்ளங்கைச் சின்னத் தசைகளின் பொறுப்பு. சோற்றை அள்ள விரல் விரிய வேண்டும். அந்த மாதம்தான் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டேன். ரசம் சாதம்.

கட்டைவிரல் எட்டாம் மாதத்தின் கடைசியில் வந்தது. எல்லாவற்றுக்கும் பிந்தியது, ஆள்காட்டி விரலைத் தனியாக நீட்டும் எக்ஸ்டென்சர் இண்டிசிஸ். அதன் கிளை கடைசியில் பிரிவது. அது வரும்வரை, மற்ற மூன்று விரல்களையும் மடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டப் பார்த்தால், அந்த விரலும் மற்றவற்றோடு சேர்ந்தே மடிந்துகொள்ளும். பத்தாம் மாதம் வகுப்பில் வட்டத்தின் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தபோது, பலகையில் ஒரு நாணைச் சுட்டிக் காட்டினேன். திரும்பும்போதுதான் கவனித்தேன், விரல் தனியாக நீண்டிருந்தது.

போன வாரம் பிடியின் வலுவை அளந்தார்கள். இடது கை 24 கிலோ, வலது கை 21. கட்டைவிரலுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் மரத்தே இருக்கிறது.