ஸ்லோ குக்கரை மூடிவிட்டால் திறக்காதீர்கள்

குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரை வாங்கியதும் எல்லோரும் செய்கிற வேலை, அரை மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்ப்பது. வேண்டாம். திறக்கிற ஒவ்வொரு முறையும் சூடு வெளியேறிவிடும், பழைய நிலைக்கு வர 20, 30 நிமிடம் கூடுதலாக ஆகும்.

ஃப்ரீசரில் இருந்து எடுத்த இறைச்சியை அப்படியே போடவே கூடாது. பாத்திரம் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால், கிருமிகள் வேகமாகப் பெருகுகிற 5 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே அது மணிக்கணக்கில் கிடக்கும். முதல் நாளே ஃப்ரிட்ஜில் வைத்து உருகவிடுங்கள். கோழி என்றால் உள்ளே 74 டிகிரி வந்ததா என்று தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள், நிறத்தை வைத்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அப்புறம் ராஜ்மா. சமையல் குறிப்புகளில் பாதி இதைச் சொல்வதே இல்லை. சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சு, குறைந்த சூட்டில் எவ்வளவு நேரம் கிடந்தாலும் முழுசாகப் போகாது, வாந்தியில் கொண்டுபோய் விடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று 30 நிமிடம் கொதித்த பிறகுதான் குக்கருக்குள் போக வேண்டும்.

கேரட், உருளைக்கிழங்கு அடியில், இறைச்சி மேலே. பாதிக்குக் குறையாமல், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் நிரப்பினால் சரி. மிச்சம் மீதியைச் சூடாக்க மட்டும் இதை நம்பாதீர்கள், அதற்கு அடுப்புதான்.