பழைய டஞ்சன் சாமானை விற்கும் முன்

டஞ்சன் என்பது வயதுவந்தோர் சம்மதத்தோடு கட்டிப்போட்டு விளையாடும் (BDSM) அறை. அதில் ஆளைக் கட்டி நிறுத்தும் எக்ஸ் வடிவச் சிலுவையை வாங்க வருகிறவர் முதலில் மரத்தைத்தான் தட்டிப் பார்ப்பார். பார்க்கவேண்டியது ஐ போல்ட்டை, அதாவது கட்டு மாட்டும் வளையத் தலை போல்ட்டை. கம்பியை வளைத்துச் செய்ததாக இருந்தால் வளையம் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி தெரியும். அது துணிக்கொடி கட்டத்தான் லாயக்கு. வளையத்தின் அடியில் காலர் (அகன்ற விளிம்பு) வைத்த, காய்ச்சி அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு ஐ போல்ட்கூட நேராக இழுத்தால்தான் முழு எடையைத் தாங்கும். 45 டிகிரி சாய்வாக இழுத்தால் அதில் சுமார் 30 சதவீதம்தான். சிலுவையில் கட்டப்பட்டவர் சாய்வாகத்தான் இழுப்பார்.

அதனால் விற்கும் முன் எல்லா ஐ போல்ட்டையும் மாற்றிவிடுவதே நல்லது. மரத்தை ஊடுருவி, பின்பக்கம் அகல வாஷரும் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகத் தளராத நட்டு) போட்டு முறுக்க வேண்டும். பைன் மரத்தில் திருகிவிட்ட வளையம் ஆட ஆட ஓட்டை பெரிதாகி, ஒருநாள் கையோடு வந்துவிடும். ஆளைத் தொங்கவிடும் ஃப்ரேமாக இருந்து, யார் வெல்டிங் செய்தது, எவ்வளவு தாங்கும் என்ற விவரம் இல்லையென்றால், 'தொங்கவிட அல்ல' என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். விலை குறையும், குறையட்டும்.

அடுத்தது பெஞ்ச். தையல் ஓரத்தில் டிஷ்யூ வைத்து அழுத்திப் பாருங்கள். ஈரமோ வாடையோ வந்தால் ரெக்சினைத் துடைத்துப் பயனில்லை, ஃபோமையே மாற்ற வேண்டும். ரெக்சின் நன்றாக இருந்தால் முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு கிருமிநாசினி. லேபிளில் சொன்ன நிமிடங்கள் வரை ஈரம் காயாமல் இருக்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்தால் வேலை செய்யாது. ஸ்பிரிட் போட்டே துடைத்து வந்தவர்களின் பெஞ்ச் மடிப்பில் வெடித்திருக்கும், மென்மையைத் தரும் பொருள் வெளியேறிவிடுவதால். தோல் உறை உறிஞ்சும் தன்மையுள்ளது, முழுதாகச் சுத்தமாகாது. அதை மறைக்காமல் சொல்லுங்கள். பெஞ்சைக் கவிழ்த்து, ஸ்டேப்லர் பின் வரிசையில் கரும்புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சி அங்கேதான் குடியிருக்கும்.

பிரிட்டனில் மெத்தை வைத்த வீட்டு ஃபர்னிச்சரின் தீப்பாதுகாப்புக்கு 1988 விதிகள் உண்டு. பழைய சாமானானாலும் வியாபாரமாக விற்பவரை அவை கட்டுப்படுத்தும். சொந்தப் பொருளை விற்கும் தனிநபரை அல்ல. மூடப்படும் டஞ்சன் ஸ்டூடியோ தன் சாமானைத் தள்ளிவிடுவது வியாபார விற்பனைதான். தீப்பாதுகாப்பு லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்புறம் தேடாதீர்கள்.

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் வயதுவந்தோர் பொருட்களை அனுமதிப்பதில்லை. 'மசாஜ் பெஞ்ச்' என்று பெயர் மாற்றிப் போட்டால், விவரம் தெரியாதவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். இந்த ஆர்வமுள்ளவர்களுக்கான சமூக வலைத்தளமான ஃபெட்லைஃப்பின் உள்ளூர்க் குழுக்களே நேர்வழி. படத்தில் ஆள் வேண்டாம், டேப் அளவு தெரியட்டும். ஏற்றுவதற்கு முன் படத்திலுள்ள இருப்பிடத் தகவலை அழித்துவிடுங்கள்.

2 மீட்டர் நீள ஃப்ரேம் சின்னக் காருக்குள் அடங்காது, வருகிறவரிடம் முன்பே அளவு சொல்லுங்கள். பிரிக்கும் முன் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரே எண் எழுதுங்கள். நட்டு போல்ட்டெல்லாம் ஒரே ஜிப் பையில். கூண்டு என்றால் இரண்டு சாவியையும் வாங்குபவர் கண்முன்னே போட்டுத் திறந்து காட்டிவிட்டுக் கொடுங்கள்.