“நேத்தும் குடிச்சேன், ஐயா. இன்னைக்குப் பந்திக்கு வரலாமா?”

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் பாத்திரமும் பகிரும் கர்த்தருடைய பந்தி உள்ள நாள். ஆராதனை தொடங்கப்போகிற நேரத்தில், சபையின் போதகரான என்னிடம் வந்த கேள்வி. “வாங்க அண்ணே. நாளைக்கு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கும் போயிருவோம்” என்றேன். அவர் விடவில்லை. “அப்போ அதுக்கு வரலேன்னா இதுவும் இல்லையா?” அதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் பந்திக்கு வந்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

“வாங்க” என்றதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூடவே சொன்னது கிருபைக்கு வைத்த நிபந்தனையாக அவர் காதில் விழுந்ததே, அதுதான் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசாமல் விட்டிருக்கவும் முடியாது.

அவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போக வேண்டும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம் விழும், புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், தோட்டக்காரர் ஆளை மாற்றிவிடுவார். முந்தின இரவு குடித்தவருக்கு அதிகாலையில் கை நடுங்கும். நடுக்கம் நிற்க ஒரு மடக்கு வேண்டும். ஆக, வேலைக்குப் போவதற்கே குடிக்க வேண்டியதாகிறது. கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைப் பக்கத்தில் சரக்குக்குத் தட்டுப்பாடும் கிடையாது. கேரளத்தில் மாதம் ஒன்றாம் தேதி கடை இல்லை என்றால் தமிழ்நாட்டில் உண்டு. தமிழ்நாட்டில் பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறார்கள் என்றால் அந்தப் பக்கம் காலையிலேயே திறந்துவிடுகிறார்கள்.

இப்படிப்பட்டவரிடம் “இன்றோடு விட்டுவிடு” என்று மட்டும் சொல்வது ஆபத்து. ஊழியத்தில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வருடக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது. கவனிக்காவிட்டால் உயிரே போகும். பொருத்தனை பண்ணி வெள்ளிக்கிழமை நிறுத்தியவர் ஞாயிற்றுக்கிழமை வெட்டி வெட்டி விழுந்தால், அதைப் பிசாசு என்று சொல்லி ஜெபத்தில் உட்கார்த்தி வைக்கிறவர்கள் இன்றும் உண்டு. தேவைப்படுவது டாக்டர் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்கிற மாத்திரையும், தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும். வழி தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். ஜெபம் கூடவே நடக்கட்டும்.

பந்தியின் பாத்திரத்திலும் கவனம் வேண்டும். திராட்சையில் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு வாரக்கணக்கில் மூடிவைத்தால் அது மதுதான். குடியை விட டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதில் ஒரு வாய்கூட முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியில் கொண்டுவிடலாம். உலர்திராட்சையை முந்தின நாள் வேகவைத்துப் பிழிந்து வடிகட்டினால் போதும்.

சபைக் கமிட்டியில் ஒரு பெரியவர் ரோமர் 6-ஐ எடுத்தார்: “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா?” கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நிலைநிற்கிறவன் “வரலாமா” என்று கேட்டுக்கொண்டு வரமாட்டான். இவர் விழுகிறவர், விழுந்ததற்கு அழுகிறவர். அப்படிப்பட்டவருக்கு அடுத்த அதிகாரம் இருக்கிறது. “நிர்ப்பந்தமான மனுஷன் நான்” என்று பவுல் கதறுகிறார், உடனே கிறிஸ்துமூலமாய்த் தேவனை ஸ்தோத்திரிக்கிறார், ஸ்தோத்திரித்த அதே 25-ஆம் வசனத்திலேயே மாம்சம் இன்னும் பாவப்பிரமாணத்துக்கு ஊழியம் செய்கிறது என்று ஒத்துக்கொள்கிறார். போராட்டம் முடிந்தபிறகு வந்த நன்றி அல்ல அது. அதற்கு அடுத்த வரியில்தான் ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று வருகிறது. பவுலின் அந்தக் கதறல் இரட்சிக்கப்படாதவனின் குரல் என்று வாசிப்பவர்களும் உண்டு. பழைய திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டின் முதலில் அப்படித்தான் எண்ணினார், பிறகு விசுவாசியின் குரலாகவும் ஏற்றுக்கொண்டார். ஆலயத்து முறைமையும் இதையே சொல்கிறது. பாவ அறிக்கை, மன்னிப்பின் வார்த்தை, அதன்பிறகு பந்தி. ஆறு மாதம் குடிக்காமல் இருந்ததற்குச் சான்று எந்த இடத்திலும் கேட்கப்படுவதில்லை.

அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், பந்தியில் புசிப்பதைப் பற்றி 1 கொரிந்தியர் 11 எச்சரிக்கிறதே என்பார்கள். பவுலின் கோபம் ஏழைகளுக்குக் காத்திராமல் முந்திச் சாப்பிட்டவர்கள்மேல் என்று அந்த அண்ணனுக்காக நான் வாதாடினேன். வாதாடும்போதே 21-ஆம் வசனம் என்னைத் தடுக்கிறது: “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.” வெறி என்றால் இங்கே குடிவெறி. அவர் வீட்டில் நடப்பதும் அதுதான். சனிக்கிழமை கூலி கடைக்குப் போனால் பிள்ளைகளுக்குச் சோற்றோடு மிளகாய்ச் சம்மந்திதான். அவரைக் காப்பாற்ற நான் எடுத்த வசனமே அவருக்கு எதிராகவும் நிற்கிறது. அப்படியானால் “வாங்க” என்றது சரியா? சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பந்தியில் அவர் மனைவியும் இரண்டு வரிசை தள்ளி முழங்காலில் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு அந்த அம்மாவே கேட்டார்கள்: “மன்னிக்கச் சொன்னா மன்னிச்சிருதேன் ஐயா. சம்பளத்தையும் அவரு கையிலேயே விடணுமா?” வேண்டாம். மன்னிப்பு வேறு, பணத்தை நம்பி ஒப்படைப்பது வேறு. கூலியைத் தோட்டக்காரர் நேராக அம்மா கையில் கொடுக்க ஏற்பாடாயிற்று. கை ஓங்கினால் அன்றைக்கே பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பதையும் அவர் முன்னாலேயே பேசினோம். அவர் தலையாட்டினார்.

சில வாரம் கழித்து அவரே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். திரும்பிவந்து கொஞ்ச நாள் நன்றாக இருந்தார், மறுபடி விழுந்தார், மறுபடி போயிருக்கிறார். முதல் ஞாயிறுகளில் வருகிறார். அன்று மணி அடித்ததால் நின்றுபோன பதிலைப் பின்னால் அவரிடம் சொன்னேன்: “அதுக்கு வராட்டியும் இது உண்டு அண்ணே.” அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பெரியவர் இன்னும் என்னோடு உடன்படவில்லை. அந்த அம்மாவுக்காக அவர் பேசுகிற நாட்களில் எனக்கு உடனே பதில் வருவதில்லை.