கூந்தன்குளத்தில் ஐந்து மாதம்: சூப்பர்ஜூம் கேமராவில் தெளிவு தேடியது

டிசம்பர் தொடக்கத்தில் நிக்கான் பி950 என்ற சூப்பர்ஜூம் கேமரா வாங்கினேன். 24 மி.மீ. முதல் 2000 மி.மீ. வரை, 83 மடங்கு ஜூம் (மி.மீ. கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே திருநெல்வேலியிலிருந்து கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வண்டியை எடுத்துவிட்டேன். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளத்தின் நடுவே கூட்டமாக உட்கார்ந்திருந்தன. ஜூமைக் கடைசி வரை இழுத்து இருநூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால், வெள்ளைத் தலையில் இருக்கும் இரண்டு கருப்புப் பட்டைகளும் சாம்பல் தீற்றலாகத் தெரிந்தன. இறகு என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. ஈரச் சுவரில் பூசிய நீர்ச்சாயம் போல இருந்தது ஒவ்வொரு படமும்.

மெனுவுக்குள் புகுந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். இரண்டு வாரம் அதிலேயே போனது. கொஞ்சம் பலன் கிடைத்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். பெரிய மாற்றம் வேறு இடத்திலிருந்து வந்தது.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மேல் கருப்பு சின்டெக்ஸ் தொட்டி தெரியும். தூரம் 150 மீட்டர் இருக்கும். அதிலுள்ள வெள்ளை எழுத்துகளைச் சோதனைக்கு வைத்துக்கொண்டேன். டிரைபாடில் கேமராவைப் பூட்டி, ஒரே செட்டிங்கில், காலை ஆறரைக்குப் பத்து படம், பகல் பன்னிரண்டுக்குப் பத்து படம். காலைப் படத்தில் எழுத்தின் விளிம்பு கத்தி வைத்து வெட்டியது போல இருந்தது, தொட்டியின் மேல் படிந்த தூசிகூடத் தெரிந்தது. பகலில் எடுத்த பத்தும் பத்து விதம். ஒன்றில் எழுத்து வளைந்திருந்தது, ஒன்றில் இரட்டையாகத் தெரிந்தது, ஒன்றில் மொத்தமாகக் கலங்கியிருந்தது. கேமரா அதேதான், லென்ஸ் அதேதான், அசைவும் கிடையாது. இடையில் இருந்த காற்று மட்டும் மாறியிருந்தது.

வெயில் ஏறியதும் தரையும் தார்ச்சாலையும் கூரைகளும் சூடாகி, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் திட்டுத்திட்டாகக் கலந்து மேலெழும்புகின்றன. ஒவ்வொரு திட்டிலும் ஒளி கொஞ்சம் வளைகிறது. ரோட்டில் கானல் நீர் தெரிவதும் ஒளி இப்படி வளைவதால்தான். சாதாரண லென்ஸில் இந்த நெளிவு கண்ணில் படாது. 2000 மி.மீ.யில் பறவை எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவுக்கு நெளிவும் பெரிதாகிவிடுகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் நெளிந்த உருவம் நெளிந்தபடியே உறையும், அவ்வளவுதான். இதைச் சரிசெய்ய எந்த மெனுவிலும் வழியில்லை. நான் முதல் நாள் குளக்கரையில் நின்றது காலை பத்தரையிலிருந்து ஒன்றரை வரை. வாத்துகள் இருந்தது 300 மீட்டருக்குக் குறையாத தூரத்தில்.

அப்புறம் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2000 மி.மீ.யில் 100 மீட்டர் தள்ளி இருக்கும் ஃப்ரேமின் அகலம் 1.8 மீட்டர். 300 மீட்டரில் அது 5.4 மீட்டர். முக்கால் மீட்டர் நீளமுள்ள ஒரு வாத்து அந்த ஃப்ரேமில் ஏழில் ஒரு பங்குதான் வரும். அதைப் பிறகு வெட்டிப் பெரிதாக்கினால் இறகு எங்கிருந்து வரும்?

இரண்டாவது முறை போனது டிசம்பர் கடைசியில். ஐந்து மணிக்கே கிளம்பி விடியும்போது கரையில் நின்றேன். படங்கள் முன்னைவிட நன்றாக வந்தன, ஆனால் வாத்துகள் இன்னும் தூரத்தில்தான். நான் காவல் கோபுரத்தின் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஆச்சி வாசல் தெளித்துக்கொண்டே கூப்பிட்டார். "ஏய்யா, அங்க எதுக்குப் போற? அதெல்லாம் தண்ணிக்குள்ள எங்கனயோ கெடக்கு. சனவரி, பிப்ரவரில வா, நம்ம மரத்துலயே கூடு கெட்டிரும்லா."

கூந்தன்குளத்தின் அருமையே அதுதான். மஞ்சள்மூக்கு நாரைகள் அங்கே ஊருக்குள், வீட்டை ஒட்டிய மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் போலக் காக்கிறார்கள், பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. மனிதன் நடமாடுவதைக் கண்டு பயப்படாத பறவை கிடைப்பது ஒரு படம் பிடிப்பவனுக்கு எத்தனை பெரிய வரம்!

பிப்ரவரியில் போனேன். தெருவில் நின்றபடி மரத்தைப் பார்த்தால் கூடு 15 மீட்டர் தூரம். அங்கே 400 மி.மீ. போதும். ஃப்ரேமின் அகலம் 1.35 மீட்டர், நாரை முழுதாக நிரம்பிவிடுகிறது. 2000 மி.மீ. ஜூம் கையில் இருக்க, ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பயன்படுத்தினேன். அன்று எடுத்த முதல் படத்தைத் திறந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். முதுகின் கடைசியில் தொங்கும் ரோஜா நிற இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தன. அலகு நெற்றியைத் தொடும் இடத்தில் தோலின் சுருக்கம் தெரிந்தது. டிசம்பரில் எடுத்த அதே கேமராதான்.

அதற்குப் பிறகு என் பழக்கம் மாறிவிட்டது. 2000 மி.மீ.யை இப்போது பைனாகுலர் மாதிரி வைத்துக்கொள்கிறேன். எங்கே என்ன பறவை இருக்கிறது என்று தேடவும் இனம் அறியவும் அது அற்புதமான கருவி. படம் எடுப்பது பெரும்பாலும் 1000 மி.மீ.க்குள்தான். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் முதலில் வியூஃபைண்டரில் தூரத்துக் கருவேல மரத்தின் தண்டைப் பார்க்கிறேன். அது நெளிந்தால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறேன்.

இனி மெனு விஷயம். இந்த வகை கேமராக்களின் சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, 1/2.3 இன்ச், அதாவது சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. பெரிய கேமராக்களில் இருக்கும் ஃபுல் ஃப்ரேம் சென்சாரோடு ஒப்பிட்டால் பரப்பளவில் 30இல் ஒரு பங்கு. லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 357 மி.மீ.தான். சென்சார் இவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் அது 2000 மி.மீ.க்குச் சமமாகிறது, ஒரு கிலோ எடையில் தோளில் தொங்குகிறது. ஒளி குறைவாகச் சேர்வது அதற்கு நாம் கொடுக்கும் விலை. அதனால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது குறைந்த ஒளியைச் செயற்கையாகத் தூக்கிக் காட்டும் அளவை, கூட்டக்கூடாது. நான் 400ஐ உச்சமாக வைத்திருக்கிறேன். 800 வரை அவசரத்துக்குப் போகலாம், அதற்கு மேல் இறகு மறைந்து நிறம் மட்டும்தான் மிஞ்சுகிறது.

சின்ன சென்சார் கேமரா எதுவானாலும், தானே பதப்படுத்தித் தரும் ஜேபெக் படத்தில் நாய்ஸை, அதாவது புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சலை, துடைக்கும்போது இறகையும் சேர்த்துத் துடைக்கும். நாய்ஸ் குறைப்பைக் குறைந்த அளவுக்கு மாற்றியதும் கொஞ்சம் பொரிபொரியாக வந்தது, ஆனால் விவரம் திரும்பியது. ஒரு மாதம் கழித்து, கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலுக்கு மாறினேன். நிக்கானின் இலவச மென்பொருளான என்.எக்ஸ். ஸ்டூடியோவில் திறந்து, நாய்ஸ் எவ்வளவு போக வேண்டும் என்பதை நானே முடிவு செய்கிறேன். பின்னணி வானத்தில் நாய்ஸ் இருந்தால் துறுத்திக்கொண்டு தெரியும், நாரையின் கழுத்தில் இருந்தால் தெரியவே தெரியாது. இந்த வித்தியாசம் கேமராவுக்குத் தெரியாதே. டிஜிட்டல் ஜூமை முதல் நாளே அணைத்துவிட வேண்டும். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

அபெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி புகும் துளை, பற்றி நான் தவறாக நினைத்திருந்தேன். மூடினால் கூர்மை கூடும் என்பது பெரிய கேமரா வைத்திருந்த நண்பர்களிடம் கேட்ட பாடம். நாளிதழைச் சுவரில் ஒட்டிச் சோதித்தேன். எஃப் 6.5இல் எடுத்ததைவிட எஃப் 8இல் எடுத்தது மங்கல் (எஃப் எண் கூடினால் துளை சின்னதாகும்). ஒளி ஒரு சின்னத் துளை வழியாகப் போகும்போது விரிகிறது, அதுதான் காரணம். எஃப் 6.5இல் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் சுமார் 8.7 மைக்ரான் அகல வட்டமாக விழுகிறது. இந்த சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 1.3 மைக்ரான் சொச்சம். ஆக ஒரு புள்ளி ஆறு பிக்சல்களுக்கு மேல் பரவுகிறது. இன்னும் மூடினால் இன்னும் பரவும். எனவே எப்போதும் முழுதாகத் திறந்தே வைக்கிறேன்.

அந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தது. முழு ஜூமில் எடுத்த படத்தில் 16 மெகாபிக்சல் அளவுக்கான விவரம் உண்மையில் இல்லை. 4608க்கு 3456 அளவுள்ள படத்தைப் பாதியாக, 2304க்கு 1728 ஆகச் சுருக்கினால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கு பிக்சல்கள் ஒன்றாகச் சேர்வதால் நாய்ஸும் ஏறக்குறையப் பாதியாகிறது. கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்து வருத்தப்பட்ட நேரமெல்லாம் வீண்தான்.

வெள்ளை இறகு இன்னொரு தலைவலி. நாரையின் உடம்பு வெளுத்துப் போனால் ரா ஃபைலிலும் மீட்க முடியாது. எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 0.7க்கு இறக்கி, வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்கிறேன். நிழல் கொஞ்சம் இருட்டாகும், அதைப் பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம்.

ஃபில்டர் விஷயத்தை மறந்துவிட்டேன். கேமரா வாங்கியபோதே கடைக்காரர் சொன்னார் என்று லென்ஸின் முன்னால் மலிவான யூ.வி. ஃபில்டர் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தேன். 24 மி.மீ.யில் எந்த வித்தியாசமும் இல்லை. 2000 மி.மீ.யில் அதே சின்டெக்ஸ் எழுத்தைச் சுற்றி ஒரு புகை வளையம் தெரிந்தது, கழற்றியதும் போய்விட்டது. இப்போது லென்ஸ் ஹூட் மட்டும்தான்.

அசைவுக்கு டிரைபாடைவிடப் பயன்பட்டது ஒரு பை. பழைய ஜீன்ஸின் கால் பகுதியை வெட்டி, என் அத்தை தைத்துக் கொடுத்தாள். உள்ளே இரண்டு கிலோ பாசிப்பயறு. கோபுரத்தின் கைப்பிடிச் சுவரிலோ பைக் சீட்டிலோ வைத்து அதன் மேல் லென்ஸைப் பதித்தால் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. பறவை நகர்ந்தால் டிரைபாடின் திருகுகளோடு போராட வேண்டியதில்லை. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வி.ஆர். வசதியை இந்தப் பையில் வைக்கும்போது இயக்கத்திலேயே விடுகிறேன், டிரைபாடில் மட்டும் அணைக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/250 நொடி போதும். ஐந்தாறு படம் தொடர்ச்சியாக எடுப்பேன். முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்வு இருக்கும், மூன்றாவது நான்காவதுதான் பெரும்பாலும் தேறுகிறது.

மார்ச்சில் நாரைக் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்த சமயம், இரவில் நிலாவையும் எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் காற்றுதான் எல்லாம். அரைநிலவு மேற்கே தென்னைமர உயரத்துக்கு இறங்கிய பின் எடுத்த படத்தில் விளிம்பு கொதிக்கும் எண்ணெய் போல ஆடியது. மறுநாள் இருட்டிய உடனேயே, ஏறக்குறையத் தலைக்கு மேல் நின்றபோது எடுத்தேன். ஐ.எஸ்.ஓ. 100, 1/100 நொடி, இரண்டு நொடி டைமர். கோப்பர்நிக்கஸ் பள்ளத்தின் படிக்கட்டுச் சுவர்களும், தெற்கே கிளாவியஸுக்குள் வளைந்து வரிசையாக இருக்கும் சின்னப் பள்ளங்களும் தெளிவாக வந்தன. பிறகு நாற்பது படங்களை எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். காற்றின் நெளிவு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கம் இருப்பதால் சராசரியில் அடங்கிவிடுகிறது. அந்தப் படத்தை ஏ4 அளவில் அச்செடுத்து ஆச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல பாட்டி எங்க இருக்கா?" என்று கேட்டார். முழுநிலவு எடுத்து அடுத்த முறை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஏப்ரல். வரித்தலை வாத்துகள் வடக்கே போய்விட்டன. நாரைக் குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகுகின்றன. பறக்கும் பறவையில்தான் இன்னும் ஒன்றும் தேறவில்லை. இந்த லென்ஸ் ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் நாரை ஊரைத் தாண்டிவிடுகிறது. தாய்நாரை இரையோடு திரும்பும்போது எப்போதும் ஆச்சி வீட்டு மரத்தின் கிழக்குப் பக்கமாகத்தான் இறங்குகிறது, அதைக் கவனித்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கக் கிளையில் முன்கூட்டியே ஃபோகஸைப் பிடித்து மேனுவலில் பூட்டிவிட்டு, 300 மி.மீ.யில், 1/1000 நொடியில் காத்திருந்து பார்க்கப் போகிறேன். பயறுப் பை, தண்ணீர் பாட்டில், இரண்டு பேட்டரி எல்லாம் பைக்குள் எடுத்து வைத்தாயிற்று. சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன்.