குட்டிச் சூரைக்குப் பெயர் வைப்பதற்குள்

மஞ்சள் துடுப்புச் சூரையும் பெருங்கண் சூரையும் வளர்ந்துவிட்டால் பழகிய கண்ணுக்குக் குழப்பம் அதிகம் இருக்காது. குட்டிகளில்தான் வம்பு. இரண்டும் ஒன்றாகச் சுற்றுவலையில் விழும். உறைய வைத்துவிட்டால் உடம்பிலுள்ள கோடுகளும் நிறமும் மங்கிப்போகும். பெருங்கண் குட்டிகள் பதிவேட்டில் மஞ்சள் துடுப்பாக ஏறிவிடுவது இப்படித்தான். அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வேலைதான் என்னை மரபணுச் சோதனைக்கு இழுத்து வந்தது.

மாதிரி எடுப்பது எளிது, ஆனால் அலுப்பு. துடுப்பில் ஒரு துணுக்கு, 95 சதவீத எத்தனால், குப்பியில் ஓர் எண். ஃபார்மலின் பக்கமே போகக் கூடாது, டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கத்தரியைச் சுத்தம் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய மீனின் டிஎன்ஏவும் கூடவே வரும். ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி, அதன் எழுத்து வரிசையை (டிஎன்ஏவில் A, T, G, C என்ற நான்கு எழுத்துகள் வரும் ஒழுங்கை) படிக்கக் கொடுத்தோம். அங்கே சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

முடிவு வந்த பிறகுதான் வேலையே ஆரம்பித்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக டிஎன்ஏ உண்டு. அதிலுள்ள, விலங்குகளை அடையாளம் காண 2003 முதல் பரவலாகப் பயன்படும் சிஓஐ மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைத்தான் முதலில் படித்தோம். பல மீன்களுக்கு அதுவே போதும். இரண்டு சதவீதம் வேறுபட்டால் வேறு இனமாக இருக்கலாம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. சூரையிடம் அந்தக் கணக்கு செல்லாது. பலரும் படித்த வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பொதுத் தரவுத்தளத்தில் தேடினால் இரண்டு பெயர்களும் ஏறக்குறைய ஒரே சதவீதத்தோடு மேலே வந்து நின்றன. மேலே இருக்கும் பெயரை எழுதிவிட்டுப் போக ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, இனத்துக்கு இனம் மாறும் குறிப்பிட்ட எழுத்துகளைப் பார்த்தோம். கூடவே அதே மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் வேகமாக மாறும் 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்ற துண்டையும் படித்தோம். அதில்தான் இரண்டும் தெளிவாகப் பிரிந்தன.

இன்னொரு தலைவலி, ஒப்பிடும் வரிசைகளே. பொதுத் தரவுத்தளத்தில் பெருங்கண் என்று பெயரிட்டிருந்த ஒரு வரிசை மஞ்சள் துடுப்புக் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. அதன் பின்னால் படமும் இல்லை, பாதுகாத்து வைத்த மீனும் இல்லை. நீக்கிவிட்டோம். யாரோ கண்ணால் பார்த்து வைத்த பெயரைத்தான் கணினி நமக்குத் திருப்பிச் சொல்கிறது. அந்தக் கண்ணை நான் ஏன் நம்ப வேண்டும்?

அதனால் சில மீன்களை அறுத்து ஈரலையும் பார்த்தோம். பெருங்கண்ணுக்கு ஈரலின் ஓரத்தில் வரிவரியாக இரத்தக் குழாய்கள் தெரியும். மஞ்சள் துடுப்புக்கு வழவழப்பாக இருக்கும். ஈரலும் வரிசையும் ஒத்துப்போன மீன்களையே எங்கள் ஒப்பீட்டு மாதிரிகளாக வைத்துக்கொண்டோம்.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே வருவது என்பதால், கலப்பினம் இருந்தால் இந்தச் சோதனை தாயின் இனத்தைத்தான் காட்டும். நீலத்துடுப்புச் சூரைகளில் சிலவற்றுக்கு அல்பகோர் என்ற வேறொரு சூரையின் வகை மைட்டோகாண்ட்ரியா இருப்பது தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட கலப்பைக் கண்டுபிடிக்க, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவிலுள்ள ஐடிஎஸ்1 என்ற பகுதியையும் படிக்க வேண்டும். எங்கள் குட்டிகளுக்கு அது தேவைப்படவில்லை. வரிசைகளைத் தரவுத்தளத்தில் சேர்த்தபோது மீனின் படம், நீளம், பிடித்த இடம், ஈரல் குறிப்பு எல்லாவற்றையும் அந்தந்தக் குப்பி எண்ணோடு இணைத்தே அனுப்பினோம்.