எந்த ஏரோது? முதலில் ஊரைப் பாருங்கள், பிறகு பட்டத்தை

புதிய ஏற்பாட்டில் "ஏரோது" என்று வரும் எல்லா இடத்திலும் ஒரே ஆளை வைத்து வாசித்தால் கணக்கு உதைக்கும். பெத்லகேமில் குழந்தைகளைக் கொன்றவர்தான் இயேசுவின் விசாரணையில் உட்கார்ந்திருந்தார், அவரே அப்போஸ்தலன் யாக்கோபையும் வெட்டினார் என்று பிரசங்கங்களில்கூடச் சொல்லிவிடுவதுண்டு. இவர்கள் மூன்று பேர்: தாத்தா, மகன், பேரன். ஆட்சி செய்த இடமும் பட்டமும் மூவருக்கும் ஒன்றல்ல. அந்த இரண்டோடு காலத்தையும் சேர்த்துப் பார்த்தாலே ஆள் யாரென்று பிடிபட்டுவிடும்.

மத்தேயு 2-லும் லூக்கா 1:5-லும் வருபவர் மகா ஏரோது. யூதேயாவுக்குத் தெற்கே இருந்த இதுமேயாவின் வம்சத்தவர். கி.மு. 40-இல் ரோம செனட் இவரை யூதேயாவுக்கு ராஜா என்று அறிவித்தது. ஆனால் எருசலேமைப் பிடித்து உண்மையில் ஆளத் தொடங்கியது கி.மு. 37-இல். தேவாலயத்தைப் புதுப்பித்தவர், கடற்கரைச் செசரியாவைக் கட்டியவர், தன் மனைவி மரியம்னேயையும் சொந்த மகன்கள் மூவரையும் கொல்லவைத்தவர் எல்லாம் இவரே. பெரும்பாலான ஆய்வாளர்கள் கணக்குப்படி கி.மு. 4-இல் இறந்தார். இயேசு பிறந்தபோது இவர் உயிரோடு இருந்ததால், கிறிஸ்து பிறப்பை கி.பி. 1 என்று வைக்க முடியாது. ஆண்டுக் கணக்கை வகுத்த 6-ஆம் நூற்றாண்டுத் துறவி தியோனீசியு சில ஆண்டுகள் பிந்திப் போட்டுவிட்டார்.

குழப்பத்துக்கு வேர் இங்கேதான். இவர் இறந்ததும் அகுஸ்து ராயன் நாட்டை மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தார், ராஜா பட்டத்தை மட்டும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அர்கெலாயுவுக்கு யூதேயா, சமாரியா, இதுமேயா. அந்திப்பாவுக்குக் கலிலேயாவும் யோர்தானுக்குக் கிழக்கே பெரேயாவும். பிலிப்புவுக்கு வடகிழக்கே இத்துரேயா, திராகொனித்தி பக்கம். எகிப்திலிருந்து திரும்பிய யோசேப்பு அர்கெலாயுவுக்குப் பயந்து கலிலேயாவுக்குப் போனதாக மத்தேயு 2:22 சொல்வது, ஓர் ஆட்சி எல்லையை விட்டு இன்னொன்றுக்குள் போனதைத்தான். கி.பி. 6-இல் ரோமர் அர்கெலாயுவைப் பதவியிலிருந்து இறக்கி நாடு கடத்தினார்கள். யூதேயா நேரே ரோம அதிகாரியின் கைக்கு வந்தது. பிலாத்து அங்கே வந்து உட்கார்ந்தது இதனால்தான்.

சுவிசேஷங்களில் இயேசுவின் ஊழிய காலத்தில் வரும் ஏரோது எல்லாமே அந்திப்பா. "அந்த நரி" என்று இயேசு சொன்னதும் இவரைத்தான். இவர் காற்பங்கு தேசாதிபதி, அதாவது நாட்டின் ஒரு பங்கை மட்டும் ஆண்ட, ராஜாவுக்குக் கீழ்ப்பட்ட பட்டம். லூக்கா 3:1 அந்தப் பட்டத்தைச் சரியாகக் கொடுக்கிறது. ஆனால் மாற்கு 6:14 "ஏரோது ராஜா" என்கிறது, பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். மக்கள் வழக்கில் அப்படி அழைத்திருக்கலாம், ரோம் அந்தப் பட்டத்தை இவருக்குக் கொடுத்ததே இல்லை. இரண்டாம் மனைவி ஏரோதியாளின் தூண்டுதலால் அதைக் கேட்டு ரோமுக்குப் போனபோதுதான், கி.பி. 39-இல், கலிகுலா ராயன் இவரை நாடு கடத்தினார்.

யோவான் ஸ்நானனை இவர் எப்படிச் சிறைப்பிடிக்க முடிந்தது என்பதற்கும் எல்லைதான் விடை. யோவான் ஞானஸ்நானம் கொடுத்த யோர்தானின் அக்கரை இவருடைய பெரேயா. யோவான் கொல்லப்பட்டது சவக்கடலுக்குக் கிழக்கே மாக்கேரஸ் கோட்டையில் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அதுவும் பெரேயாவில் இருக்கிறது. ஏரோதியாளை மணக்க இவர் தள்ளிவைத்த முதல் மனைவி, அண்டை அரபு நாடான நபத்தேயாவின் ராஜா அரேத்தாவின் மகள். பிற்பாடு அரேத்தா இவருடைய படையை முறியடித்தார். 2 கொரிந்தியர் 11:32-இல் தமஸ்குவைப் பற்றிப் பவுல் குறிப்பிடும் அரேத்தா அவரே. பிலாத்து இயேசுவை இவரிடம் அனுப்பியதற்கும் இதே காரணம்: இயேசு கலிலேயர், கலிலேயா இவர் அதிகாரத்தில், பண்டிகைக்காக இவர் எருசலேமில் இருந்தார் (லூக்கா 23:7).

அப்போஸ்தலர் 12-இல் வரும் ஏரோது முதலாம் அகிரிப்பா. மகா ஏரோதின் பேரன், ஏரோதியாளின் அண்ணன் தம்பிகளில் ஒருவர். இவர் உண்மையிலேயே ராஜா. கி.பி. 41-இல் கிலவுதியு ராயன் யூதேயாவையும் சேர்த்துக் கொடுக்க, தாத்தா ஆண்ட பரப்பு ஏறக்குறைய முழுவதும் இவரிடம் வந்தது. அந்த மூன்று வருடம் எருசலேமில் ரோம தேசாதிபதி கிடையாது. யாக்கோபைப் பட்டயத்தால் கொன்று பேதுருவைச் சிறையில் போட்ட 12-ஆம் அதிகாரத்தில், பிலாத்துவைப் போல இடையில் ஒருவர் வராதது அதனால்தான். கி.பி. 44-இல் செசரியாவில் இறந்தார்.

பவுல் முன்னால் உட்கார்ந்த அகிரிப்பா இவருடைய மகன், இரண்டாம் அகிரிப்பா. வேதத்தில் இவருக்கு ஏரோது என்ற பெயர் வருவதே இல்லை. யூதேயா இவர் கையில் இல்லை, ஆனால் பிரதான ஆசாரியனை நியமிக்கும் உரிமை இவரிடம் இருந்தது. ரோம தேசாதிபதி பெஸ்து இவரிடம் ஆலோசனை கேட்டதில் வியப்பில்லை. கூட வந்த பெர்னீக்கேயாள் இவருடைய சகோதரி. பெஸ்துவுக்கு முன் தேசாதிபதியாக இருந்த பேலிக்ஸின் மனைவி துருசில்லாளும் சகோதரியே. ஆக, யாக்கோபைக் கொன்றவரின் பிள்ளைகள் மூவர் பவுலின் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.

கவனமாக வாசிக்க வேண்டிய இன்னொரு இடம் அப்போஸ்தலர் 13:1. முந்தின அதிகாரத்தின் முடிவில்தான் ஏரோது புழுப்புழுத்து இறக்கிறார். அடுத்த பக்கத்திலேயே ஏரோதுடன் வளர்ந்த மனாயீன் அந்தியோகியா சபையில் இருக்கிறார். அந்த வசனத்திலேயே "காற்பங்கு தேசாதிபதி" என்று இருக்கிறது. மனாயீன் வளர்ந்தது அந்திப்பாவோடு, அகிரிப்பாவோடு அல்ல.