வாயில் காவலர் எழுதிய ராமாயணம்

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டிருக்கும் எனக்கு, வேலையில் சலிப்புத் தட்டும்போதெல்லாம் ஜி சியான்லினின் நினைவு வரும். பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர், கட்டுரையாளர், வால்மீகி ராமாயணத்தைச் சமஸ்கிருதத்திலிருந்து நேரடியாகச் சீன மொழியில் பெயர்த்தவர்.

1911-இல் ஷான்டோங் மாகாணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 1935-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குப் படிக்கப் போனவர், போர் மூண்டதால் பத்து ஆண்டுகள் அங்கேயே தங்க நேர்ந்தது. பேராசிரியர் வால்ட்ஷ்மிட்டின் சமஸ்கிருத வகுப்பில் தொடக்கத்தில் இவர் ஒருவர்தான் மாணவர். வால்ட்ஷ்மிட் போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டதும், ஓய்வுபெற்றிருந்த எமில் சீக் அந்த ஒரே மாணவருக்காக வகுப்புக்குத் திரும்பினார். தாம் கற்ற அனைத்தையும் கொடுத்துவிடும் துடிப்பில், மத்திய ஆசியாவில் வழங்கி மறைந்துபோன தொக்காரிய மொழியையும் வற்புறுத்திக் கற்பித்தார். ஆசிரியர் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

1946-இல் நாடு திரும்பிய ஜி, பீக்கிங்கில் கீழை மொழிகள் துறையை நிறுவினார். மாவோ 1966-இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் அடியும் அவமானமும் பட்டு, வளாகத்துக்குள்ளேயே ‘மாட்டுத் தொழுவம்’ என்றழைக்கப்பட்ட சிறையில் கிடந்தார். அதன் பிறகு கிடைத்தது விடுதியில் வாயில் காவல்: தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும், கடிதங்களைச் சேர்ப்பிக்க வேண்டும். அந்த நிலையில்தான் 1973-இல் ராமாயணத்தைத் தொடங்கினார். அச்சாகும் என்ற நம்பிக்கை துளியும் இல்லை. காவல் நேரத்தில் சமஸ்கிருத நூலை விரித்து வைக்கவும் வழியில்லை.

எனவே வேலையை இரண்டாகப் பிரித்தார். வீட்டில் மூலத்தைப் படித்து உரைநடையாக எழுதிக்கொள்வார். அதைத் துண்டுத்தாள்களில் கொண்டுவந்து, வாயிலில் உட்கார்ந்தபடியே இயைபு பொருந்திய செய்யுளாக மாற்றுவார். அகராதி வேண்டிய வேலை வேறு, மனம் மட்டும் போதுமான வேலை வேறு என்று அவர் கண்டுகொண்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். பொருள் தேடுவதையும் வாக்கியத்தைச் செதுக்குவதையும் ஒரே அமர்வில் செய்து இரண்டையும் கெடுக்கும் வழக்கம் எங்கள் தொழிலில் மிகுதி. நான் இப்போது கரட்டு வடிவை முதலில் முடித்துவிடுகிறேன். செதுக்குவதை பஸ்ஸில் வைத்துக்கொள்கிறேன்.

1977-இல் மொழிபெயர்ப்பு நிறைவுற்றது. 1980 முதல் 1984 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. பல்கலைக்கழகத் துணைத்தலைவராகிக் கூட்டங்கள் பெருகிய காலத்திலும் விடியலுக்கு முன்பே எழுந்து எழுதினார். இந்திய அரசு 2008-இல் பத்ம பூஷண் வழங்கியது. மறு ஆண்டு மறைந்தார்.

எண்பது வயதைக் கடந்தும் நாள்தோறும் நூலகத்துக்கு நடந்து, சர்க்கரையின் வரலாற்றை எழுதினார். சர்க்கரை காய்ச்சும் நுட்பம் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போனதையும், வெண்சர்க்கரை செய்யும் திறன் அங்கிருந்து இந்தியாவுக்கு வந்ததையும் பழஞ்சுவடிகளில் வரிவரியாகத் தேடித் தொகுத்தார்.